கல் மரத்தைப் பார்க்காமல் வந்த கதை

சாத்தனூர் கல் மரத்தைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. நான் அதைப் பார்க்கவில்லை. அந்த ஊருக்கு வண்டிப்பாதை பிரிகிற இடத்தில் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு வந்தவன் நான். கொழும்பில் நான் பூகோளம் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடத்தில் மற்ற வாத்தியார்கள் இன்னும் என்னை விட்டபாடில்லை. "மரம் எப்படி ஐயா இருந்தது?" என்று தேநீர் வேளைதோறும் கேட்கிறார்கள். எல்லாருக்கும் சேர்த்து ஒரேயடியாகப் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

யுத்தம் முடிந்த மறு வருஷம், ஈஸ்டர் கழிந்து, வரதராஜன்பேட்டையில் என் அக்காளின் இளைய மகள் செபமாலைக்குக் கல்யாணம். நான் தாய்மாமன். எங்கள் குடும்பத்தில் கல்யாணத்தன்று பெண்ணை வீட்டு வாசலிலிருந்து மாதா கோயில் வாசல் வரைக்கும் கைபிடித்து நடத்திப் போவது தாய்மாமனின் பாத்தியதை. பெற்ற தகப்பன்கூடப் பின்னால்தான் வருவார்.

மூத்தவள் லூர்துவின் கையையும் நான்தான் பிடித்திருக்க வேண்டும். அது யுத்தத்துக்கு முந்தின வருஷம். கொழும்பிலிருந்து ஒழுங்காக வந்தவன், நேரம் நிறைய இருக்கிறதே என்று தஞ்சாவூரில் இறங்கிப் பெரிய கோயிலைப் பார்க்கப் போனேன். ஒரு மணி நேரம் என்று நினைத்தது மூன்று மணி நேரமாயிற்று. கடைசி பஸ் போய்விட்டது. மறுநாள் நான் ஊருக்குள் நுழைந்தபோது பெண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு கோயிலைவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். லூர்து வாசற்படியிலேயே நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். பூசைக்குக் காத்திருந்த சாமியார் இரண்டு தடவை ஆள் அனுப்பினாராம். கடைசியில் ஒன்றுவிட்ட மாமன் ஒருவர் கையைப் பிடித்து அழைத்துப் போயிருக்கிறார்.

அக்காள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. இலை போட்டாள், பரிமாறினாள், ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு யுத்தம் வந்தது. எட்டு வருஷமாகக் கடிதங்களெல்லாம் மச்சான் கையெழுத்தில்தான் வந்தன. அக்காளுக்கு என்னைவிட அழகாக எழுதத் தெரியும்.

இந்தத் தடவையும் மச்சான்தான் எழுதியிருந்தார். திங்கட்கிழமை காலை கல்யாணப் பூசை. சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு ஊர் எல்லையில் சிலுவை நட்ட குருசடியில் சீரோடு நிற்கவும், மேளத்தோடு வந்து எதிர்கொண்டு அழைக்கிறோம் என்று விவரம். அதற்குக் கீழே ஒரே ஒரு வரி அக்காள் கையெழுத்தில் இருந்தது. "நேரத்துக்கு வரவும்." அந்த வரியை எத்தனை தரம் படித்தேன் என்பதை என் மனைவி ஞானம் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தாள்.

திருச்சியில் ரயில் மாறியிருந்தால் அரியலூரிலேயே கொண்டுபோய் இறக்கிவிட்டிருக்கும். இது எனக்கும் தெரியும், ஞானத்துக்கும் தெரியும். ஆனாலும் நான் பெரம்பலூர் வழியாகப் போக ஒரு வாடகைக் கார் பேசினேன். சீர்ச் சாமான்களை ரயிலில் ஏற்றி இறக்கினால் பித்தளைக் குடம் நசுங்கும் என்று காரணம் சொன்னேன். உண்மையான காரணம் என் சட்டைப்பையில் நாலாக மடித்து இருந்தது. அது சென்னைப் பத்திரிகை ஒன்றிலிருந்து நான் கத்தரித்து வைத்த துண்டு. பெரம்பலூருக்குக் கிழக்கே சாத்தனூரில், ஓடைப் பக்கத்தில், அறுபது அடி நீளத்துக்கு ஒரு மரம் அப்படியே கல்லாகிக் கிடக்கிறது; கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன் அங்கே கடல் இருந்தது என்று அதில் போட்டிருந்தது. பூகோள வாத்தியாருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

"குடம் ஒண்ணும் நசுங்காது. உங்க பையில இருக்கற காயிதந்தான் கசங்கும்" என்றாள் ஞானம்.

கார் என்றதும் சொகுசை நினைத்துக்கொள்ள வேண்டாம். பெட்ரோலுக்கு இன்னும் ரேஷன். ஆகவே அது கரியில் ஓடிற்று. பின்பக்கம் ஓர் இரும்புப் பீப்பாய், அதற்குள் அடுப்புக்கரி. கரியைப் பற்றவைத்து, பக்கத்தில் இருக்கும் துருத்திச் சக்கரத்தை இருபது நிமிஷம் சுற்றினால் காற்று பிடித்து எஞ்சின் இருமத் தொடங்கும். ஓட்டுகிறவர் காதர் பாய். லப்பைக்குடிக்காட்டுக்காரர், ரங்கூனில் கார் ஓட்டிவிட்டு யுத்தத்தில் ஊர் திரும்பியவர். முதல் நாள் காலையிலேயே சக்கரத்தின் கைப்பிடியை என்னிடம் கொடுத்துவிட்டார். "சார் படிச்சவுங்க, ஒரே சீராச் சுத்துவீங்க" என்றார். அந்தப் புகழ்ச்சிக்கு மயங்கிப் பயணம் முழுக்க நான்தான் சுற்றினேன். என் வெள்ளைச் சட்டை சமயபுரம் தாண்டுவதற்குள் சாம்பல் நிறமாகிவிட்டது.

மேடு வந்தால் இறங்கி நடக்க வேண்டும். பாடாலூருக்குப் பக்கத்தில் ஒரு ஏற்றத்தில் ஞானமும் நானும் நடந்தோம். எங்களுக்குப் பின்னால் கார் வந்தது. எதிரே மாட்டுவண்டியில் வந்த ஒருவர் நிறுத்தி, "ஏங்க, தண்ணி வேணுமா அதுக்கு?" என்று காரைக் காட்டிக் கேட்டார். நோயாளியைப் பற்றி விசாரிப்பதுபோல அவ்வளவு கரிசனம்.

பெரம்பலூர் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. ஓட்டலில் அரிசி இட்லி இல்லை, சோள தோசைதான் என்றார்கள். கொழும்பில் ரேஷன் மாவு ரொட்டியைத் தின்று நாக்குச் செத்துப் போயிருந்த எங்களுக்கு அந்தச் சோள தோசையும், கூட வந்த கொள்ளுத் துவையலும் விருந்தாக இருந்தன. ஞானம் நாலு சாப்பிட்டாள். நான் எத்தனை என்பதைச் சொல்லப் போவதில்லை. சர்க்கரை கிடைக்காததால் காப்பியில் வெல்லம். அதை ஓட்டல்காரர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கொடுத்தார். நாங்கள் இரண்டாவது டம்ளர் கேட்டதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

மறுநாள் வியாழக்கிழமை. அரியலூர் சாலையில் பாதி தூரம் போயிருப்போம். தெற்கே ஒரு வண்டிப்பாதை பிரிந்தது. அங்கே வந்ததும் கார் ஒரு குலுக்கல் குலுக்கி நின்றுவிட்டது. நான் சொல்லி நிறுத்தியதாக ஞானம் இன்றைக்கும் நம்புகிறாள். சத்தியமாக இல்லை. குழாயில் கரி அடைத்துக்கொண்டது. பாய் இறங்கி, குழாய்களைக் கழற்றித் தரையில் வரிசையாக வைத்துத் தட்ட ஆரம்பித்தார்.

பாதை முனையில் ஒரு வேப்பமரம், அதன் அடியில் மோர்ப் பானையோடு ஓர் அம்மாள். கொழும்பிலிருந்து வருகிற கதையைச் சொல்லிக்கொண்டே ஆளுக்கொரு சொம்பு வாங்கிக் குடித்தோம். "சாத்தனூருக்கு எந்தப் பக்கம்?" என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

"இதாங்க பாதை. தோ, பனை தெரியுதில்ல? அதுக்கு அந்தாண்டதான்."

"பனைக்கு அந்தாண்ட நாலு மைலு" என்றார் பாய், குழாயைத் தட்டிக்கொண்டே.

"அங்கே ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறதாமே?"

"அந்தக் கல்லா? அதப் பாக்கவா கப்பல்ல வந்தீங்க?" என்று அந்த அம்மாள் வாயைப் பொத்திச் சிரித்தாள். "எங்க சின்னம்மா வூடு அங்கதாங்க. துவைக்கிற துணிய அதுமேலதான் காயப்போடும். நல்லா சூடேறிக் கெடக்கும், சட்டுனு காஞ்சிரும்." பிறகு காருக்குள் எட்டிப் பார்த்தாள். குடம், தட்டு, பட்டுத்துணி மூட்டை எல்லாம் தெரிந்தன. "சீர் சாமானாட்டம் இருக்கு. எங்க போவுது?"

"வரதராஜன்பேட்டைக்கு. நாளன்னைக்கு எதிர்கொள்ளுறாங்க" என்றாள் ஞானம்.

"தாய்மாமன் யாரு?"

"நான்தான்" என்றேன்.

அவள் அகப்பையைப் பானையிலேயே விட்டுவிட்டாள். "தாய்மாமனா இங்க நின்னு மரத்த விசாரிக்கிறீங்க?"

பாய் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "போயிட்டு வந்துரலாம் சார். பாதை கரடுதான். இருந்தாலும் மெதுவா உருட்டிருவேன். நேரம் கெடக்கு."

நேரம் கிடந்ததென்னவோ நிஜம். வியாழன் மத்தியானத்திலிருந்து சனி மாலை நாலு மணி வரைக்கும் ஐம்பது மணி நேரம். ஒரு மணி நேரம் போக, ஒரு மணி நேரம் பார்க்க, ஒரு மணி நேரம் திரும்ப. வாத்தியார் மூளை கணக்குப் போட்டுவிட்டது. ஆனால் தஞ்சாவூரிலும் என் கணக்கு சரியாகத்தான் இருந்தது. அன்றைக்கும் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன்.

"நீ என்ன சொல்றே?" என்று ஞானத்தைக் கேட்டேன்.

"உங்க இஷ்டம்" என்றாள். கல்யாணமானவர்களுக்கு அதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

பத்திரிகைத் துண்டை எடுத்து இன்னொரு தரம் படித்தேன். அறுபது அடி. நாலு மைல். என் வாழ்க்கையில் இதற்குமேல் அந்த மரத்துக்கு இவ்வளவு கிட்டத்தில் நான் வரப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். கொழும்பிலிருந்து மறுபடி வர எத்தனை வருஷமாகுமோ. கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் காய்ந்த பூமி, நடுவில் அந்தப் பனை. வயிற்றெரிச்சலாக இருந்தது. அழாத குறைதான்.

"அரியலூருக்கே விடுங்க, பாய்" என்றேன்.

"சார், நெசமாவா?"

"கேக்காதீங்க பாய். மனசு மாறுறதுக்குள்ள சக்கரத்தைச் சுத்திடறேன்."

அந்த இருபது நிமிஷம் நான் சுற்றிய வேகத்தில் பாய் பயந்துவிட்டார். ஒரு மைல் போன பிறகு ஞானம் பலகாரத் தகரத்தைத் திறந்து ஒரு முறுக்கை எடுத்து, பாதியை உடைத்து என் கையில் வைத்தாள்.

அரியலூரில் சத்திரத்தில் தங்கினோம். செம்மண்ணும் வெள்ளைக் கல்லுமாக ஊர் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு ஞானம் முகத்தைச் சுளித்தாள். "இங்க கடல் இருந்துச்சுன்னு உங்க பேப்பர்ல போட்டிருக்கே, அது நெசந்தான் போல" என்றாள். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாள் என்று புரிந்தது. சிரித்துவைத்தேன்.

சனிக்கிழமை வரைக்கும் அரியலூரிலேயே இருந்திருக்கலாம். புத்தியுள்ளவன் அப்படித்தான் செய்வான். எனக்கோ ஒரே பயம். இந்தக் கார் முப்பது மைலை ஒரே மூச்சில் ஓடாது, வழியில் இரண்டு இடத்திலாவது நிற்கும், ஓரிடத்தில் தங்க நேரும் என்று கணக்குப் பண்ணி வெள்ளிக்கிழமை விடியும்போதே கிளப்பிவிட்டேன். அன்றைக்குப் பார்த்து அந்தக் கார் ஓடிய ஓட்டம் இருக்கிறதே! உடையார்பாளையம் தாண்டிற்று, ஜெயங்கொண்டம் தாண்டிற்று, ஓர் இருமல் இல்லை. பாய்க்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தீங்களா சார், மாஷா அல்லாஹ்!" என்று மைலுக்கொரு தரம் திரும்பிப் பார்த்தார். நான் எங்கேயாவது நிற்காதா என்று வேண்டிக்கொண்டிருந்தேன். ஒன்பதரை மணிக்கு வரதராஜன்பேட்டை குருசடியில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

அதாவது, ஒரு நாளைக்கும் மேலே முன்னதாக.

வெளியூர்க்காரர்களுக்கு இதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். அக்காள் வீடு அரை மைல். நடந்து போய்க் கதவைத் தட்ட வேண்டியதுதானே? அதுதான் முடியாது. சீர் கொண்டுவரும் தாய்மாமன் எல்லையில் நிற்க வேண்டும். வீட்டார் மேளத்தோடும் ஆரத்தியோடும் வந்து அழைத்துப் போக வேண்டும். தானாக நுழைந்தால் அழைக்காத வீட்டுக்குப் போனவன் மாதிரி அவனுக்கும் கேவலம், மாமனை மதிக்கவில்லை என்று வீட்டாருக்கும் கேவலம். மேளக்காரர்களோ வேற்றூரிலிருந்து மறுநாள்தான் வருவார்கள். நானும் ஞானமும் சீரும் சாலையோர முந்திரி மரத்தடியில் உட்கார்ந்தோம்.

"மரத்தையே பாத்திருக்கலாம்" என்றாள் ஞானம்.

"சார், இப்பவும் கெட்டுப் போவல" என்றார் பாய். "இப்படியே திரும்பிப் போயி மரத்தப் பாத்துட்டு, நாளைக்கு நாலு மணிக்கு வந்து நிப்போம், இன்ஷா அல்லாஹ். வண்டி இன்னிக்கி நல்ல மூச்சுல இருக்கு."

ஒரு கால் காருக்குள் போய்விட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த நேரம் பார்த்து சைக்கிளில் உபதேசியார் வந்தார். சாமியாருக்குத் துணையாள்; கோயில் வேலையாக எங்கேயோ போகிறவர். என்னைப் பார்த்ததும் சைக்கிளைவிட்டு இறங்கி, "தம்பி, சீரு நாளைக்கில்ல?" என்றார். என் பதிலுக்குக்கூட நிற்காமல் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு ஊருக்குள் மிதித்தார்.

"இனிமே நீங்க நகரக் கூடாது" என்றாள் ஞானம். "எல்லை வரைக்கும் வந்த மாமன் கோவிச்சுக்கிட்டுத் திரும்பிட்டான்னு ஊரே பேசும்." காலை வெளியே எடுத்தேன்.

அரை மணி கழித்து அக்காள் வந்தாள். தனியாக, காலில் செருப்பில்லாமல், முழங்கை வரைக்கும் அதிரச மாவோடு. தலை நிறைய நரைத்திருந்தது. நான் எழுந்து நின்றேன். அவள் என் முன்னால் வந்து நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"ஏண்டா, அன்னைக்கு ஒரு நாளு பிந்தி வந்த. இன்னைக்கு ஒரு நாளு முந்தி வந்து நிக்கிற. கொழும்புல கடியாரமே கெடையாதா?"

எட்டு வருஷத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தைகள் இவை. இன்னும் இரண்டு திட்டமாட்டாளா என்று இருந்தது எனக்கு.

"அண்ணி, நீங்க கோவிக்கக் கூடாது" என்று ஞானம் குறுக்கே வந்தாள். "வழியில ஒரு கல்லு மரம் இருக்கு. அதப் பாக்கத்தான் ரயில விட்டுட்டு இந்தக் கரி வண்டியப் புடிச்சாரு. பாதை வரைக்கும் வந்து, பாக்காமலே வந்துட்டாரு. பிந்திருவோம்னு அவ்வளவு பயம்."

அக்காள் என்னைப் பார்த்தாள். காரைப் பார்த்தாள். மறுபடி என் சட்டையைப் பார்த்தாள். "மொதல்ல அந்தச் சட்டையக் கழட்டிக் குடு. கொல்லுப் பட்டறையிலேருந்து வந்தவனாட்டம்" என்று அதட்டினாள். பிறகு பரபரவென்று உத்தரவுகள் போட்டாள். "முந்திரித் தோப்பு வழியா வா, ரோட்டு வழியா வராத. கொல்லைப்பக்கமா உள்ள போயிரு. பாய், நீங்களும் வந்து சாப்புடுங்க. நாளைக்கு மூணு மணிக்கு மறுபடி இங்க வந்து நிக்கணும், புதுசா வந்தவன் மாதிரி. தெரிஞ்சுதா?"

இப்படியாக நான் என் அக்காள் வீட்டுக்குள் திருடன்போல நுழைந்தேன். ஒளித்துவைத்த மாமனைப் பார்க்க அன்று மாலைக்குள் பாதி ஊர் கொல்லைப்பக்கமாக வந்துவிட்டது. ஒவ்வொருவரும் என் கையில் இருக்கும் அதிரசத்தைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு வருவீங்கள்ல, அப்பப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். யாரும் சிரிக்கவில்லை. எனக்குத்தான் அடக்க முடியவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் லூர்து தன் புருஷன் ஊரிலிருந்து வந்தாள். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்றாக இரண்டு பிள்ளைகள். "வாங்க மாமா. சௌக்கியமா?" என்றாள். கேட்க வேண்டிய மரியாதைக்குக் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு ஞாயிறு முடியும் வரைக்கும் நான் இருந்த பக்கம் அவள் வரவில்லை. அக்காள் திட்டிவிட்டாள், அதோடு கணக்குத் தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வாசற்படியில் நின்று தெருவைப் பார்த்தவள் அக்காள் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

சனிக்கிழமை நாலு மணிக்கு மேளம் வந்தது. துவைத்த சட்டையோடு நான் குருசடியில் நின்றேன். பாய் சுத்தமான தொப்பி போட்டுக்கொண்டு, தேவையில்லாமல் ஹாரனை அடித்தார். அக்காள் பட்டுச்சேலையில் ஆரத்தித் தட்டோடு முன்னால் வந்தாள். மத்தியானம் எனக்கு இரண்டாம் தரம் ரசம் ஊற்றியவள், இப்போது முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், "வா தம்பி. பயணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சா?" என்று கேட்டாள். "இருந்துச்சுக்கா. இப்பத்தான் வந்தேன்" என்றேன். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். தட்டைச் சுற்ற ஆரம்பித்த அக்காள் பாதியில் நிறுத்திவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் கேவிக் கேவி அழுதாள். தட்டை ஞானம் வாங்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை. வாசலில் பந்தல், தெருவில் உறவுமுறை, கோயிலில் முதல் மணி அடித்துவிட்டது. நான் விடியற்காலையிலிருந்தே வாசற்படிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். காப்பியைக்கூட அங்கேயே கொண்டுவரச் சொன்னேன். செபமாலை தலையில் முக்காட்டோடு வெளியே வந்தாள். வலது கையை நீட்டினேன். அவள் கை சில்லென்று இருந்தது. "பயப்படாதம்மா" என்றேன்.

முதல் அடி எடுத்துவைக்கும் நேரத்தில் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. லூர்து இடுப்பிலிருந்த பிள்ளையை ஞானத்திடம் கொடுத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, என் இடது பக்கம் வந்து நின்றாள். பட்டுச்சேலை, இரண்டு பிள்ளை பெற்ற உடம்பு. ஆனால் முகம் எட்டு வருஷத்துக்கு முந்தின முகம்.

"இந்தக் கை சும்மாதான மாமா இருக்கு?" என்றாள்.

பிடித்துக்கொண்டேன். அப்படியே நடந்தோம். இதென்ன புது வழக்கம் என்று யாரும் கேட்கவில்லை. மேளக்காரர்கள்கூட எங்களுக்காக மெதுவாகத்தான் நடந்தார்கள். கோயில் வாசலில் இளையவளை மாப்பிள்ளையிடம் விட்டேன். மூத்தவள் உடனே கையை எடுக்கவில்லை, பூசை தொடங்கும் வரைக்கும் பிடித்துக்கொண்டே நின்றாள்.